கழட்டி செய்த கட்டில்

அந்தப் பெயரைத் தையல்காரி முதன்முதலில் கேட்டது, புதுப் பெண்டாட்டியாக அந்த வீட்டுக்கு வந்து தன் பெட்டியைக்கூடத் திறக்காத நேரத்தில். வாசலில் ஒரு ஆள் செருப்போடு நின்றுகொண்டு, "கழட்டி இருக்காளா?" என்று சத்தமாகக் கேட்டான். இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஆள் பெயரா, திட்டா, ஏதாவது சாமானா என்று தெரியாமல் உள்ளே திரும்பிப் பார்த்தாள். மாமனார் காதில் விழாதவர்போல உட்கார்ந்திருந்தார். புருஷன்தான் சிரித்துக்கொண்டே, "மாடியில இருக்கா, போய்ப் பாருங்க" என்று அந்த ஆளை அனுப்பி வைத்தான்.

"யாருங்க அது கழட்டி?"

"என் அக்காதான். உன் நாத்தனார்."

"கூடப் பொறந்தவளை அப்படியா கூப்பிடுவாங்க?"

"நீயும் நாலு நாள்ல கூப்பிடுவே பாரு."

அவள் கூப்பிடவில்லை. கடைசிவரை "அண்ணி" என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அன்றைக்கு மாடியிலிருந்து இரும்பை இரும்பால் திருகுகிற சத்தம் ஒன்று கேட்டது. பல்லைக் கூச வைக்கிற சத்தம். புது வீட்டில் எல்லாம் பிடித்திருந்தது, அது மட்டும் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

யாருக்கு யார் என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் மற்றது தானாக விளங்கும். பெரியவர், அதாவது மாமனார், கொத்தனார் வேலை பார்த்தவர். அவருக்கு மூத்தது கழட்டி. அடுத்து ஒன்று பிறந்து தங்கவில்லை. கடைசிதான் சரக்கு வண்டி ஓட்டுகிற தம்பி, தையல்காரியின் புருஷன். அவனுக்குப் பல் முளைக்கும் முன்பே தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தது அக்காதான். அதனால் அந்த வீட்டில் அக்கா வைத்ததுதான் சட்டம்.

பெரியவருக்கும் ஒரு தம்பி இருந்தார். அவரும் கொத்தனார். அண்ணனும் தம்பியும் ஒரே கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, மழை விட்ட ஒரு மத்தியானம், கலவை போடுகிற இயந்திரத்தின்மேல் கை வைத்த தம்பி கையை எடுக்கவே இல்லை. கரண்ட் பிடித்துக்கொண்டது. வாய் திறந்திருந்ததாம், சத்தம் வரவில்லையாம். அண்ணன் கண்ணெதிரே நடந்தது அது. அன்றிலிருந்து பெரியவர் எந்த சுவிட்சையும் விரலால் தொட்டதில்லை. கதவிடுக்கில் ஒரு காய்ந்த மரத்துண்டு செருகி வைத்திருப்பார். விளக்குப் போடுவதும் அணைப்பதும் அதால்தான்.

அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு மகள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றினாள். கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்கள். போன இடத்தில் ஓடாத கடிகாரத்தைக் கழற்றினாள், அது ஓடியது. பிறகு பாடிக்கொண்டிருந்த ரேடியோவைக் கழற்றினாள், அது நின்றுபோனது. அதற்குப் பதிலாக மாமியார் பாட ஆரம்பித்தாள். அந்தப் பாட்டு தாங்காமல் வருஷம் திரும்புவதற்குள் இவள் பெட்டியோடு வந்து நின்றாள். "புருஷனையும் கழட்டி விட்டுட்டா" என்று தெருவே சிரித்தது. "மறை கழண்டவ" என்றும் சொன்னார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். "ஆமா, கழண்டுதான் போச்சு. யார் கழட்டினது? நான்தானே? எனக்கு மாட்டத் தெரியாதா?" என்பாள்.

வேலை அவளுக்கு ஒரு பெரிய அலுவலகத்தில், கூட்டித் துடைக்கிற வேலை. வெளிச்சம் எட்டாத கீழ்த்தளம் அவள் பங்கு. மேல்மாடிகளில் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கும்போதெல்லாம் பழசு லிஃப்டில் ஏறிக் கீழே வந்து சேரும். ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். செத்துப்போன திரைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். "இடம் காலியானா போதும், எடுத்துட்டுப் போ" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். பசித்த ஆடு வேலி திறந்திருப்பதைப் பார்த்த கதைதான். தினமும் அவள் பை கனத்து வந்தது.

வந்ததெல்லாம் வீட்டுச் சாமானாக மாறியது. கம்ப்யூட்டரின் தகரக்கூடு ரொட்டி வைக்கிற அலமாரியாயிற்று. தட்டையான ஒயர்ப் பட்டை துணி உலர்த்தும் கொடியாயிற்று. ஹார்ட் டிஸ்க் என்று ஒரு பெட்டி. அதைப் பிளந்தால் உள்ளே முகம் தெரிகிற மாதிரி ஒரு வட்டத் தகடு இருக்கும். அதைத் தம்பிக்குச் சவரக் கண்ணாடியாக மாட்டிக் கொடுத்தாள். தகட்டின் நடுவில் ஓட்டை இருப்பதால் அவனுக்கு மூக்கு மட்டும் தெரியாது.

"அக்கா, மூக்கே தெரியல."

"மூக்குல என்ன சவரம் பண்ணப் போறே?"

அதே பெட்டிக்குள் இருந்த காந்தம் ஒன்றைத் தையல்காரிக்குக் கொடுத்தாள். தரையில் சிந்தின குண்டூசியை எல்லாம் அது ஒரேயடியாக வாரிக்கொள்ளும். தையல்காரி பூரித்துப் போனாள். அந்த வீட்டில் அவளுக்கென்று வந்த முதல் பரிசு அதுதான். அடுத்த நாள் அதே காந்தம் கத்தரிக்கோலோடு சேர்த்து அவள் விரல் சதையைக் கவ்விப் பிடித்தது. நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுத்தது. "பலமான காந்தம். அதுக்குன்னு ஒரு மரியாதை கொடுக்கணும்" என்று கழட்டி சிரித்தாள். விரலுக்கு எண்ணெய் தடவிவிட்டதும் அவள்தான்.

கம்ப்யூட்டருக்குள் இருந்த பச்சைநிறப் பலகைகளைச் சூடான பாத்திரம் வைக்கிற மனையாக்கினாள். பாத்திரம் வைத்தால் அதிலிருந்து ஒரு வாடை வரும், மருந்தும் பிளாஸ்டிக்கும் கலந்து கருகின மாதிரி. பெரியவர் அந்தப் பலகைமேல் வைத்த பாத்திரத்திலிருந்து சாப்பிட மாட்டார். தட்டை நகர்த்திவிடுவார்.

அதற்கப்புறம்தான் பவர் பெட்டிகள் வந்தன. சுவரிலிருந்து கரண்ட்டை வாங்கி, கம்ப்யூட்டருக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. அதோடு கையகலக் காற்றாடிகளைச் சேர்த்து, அடுப்படி ஜன்னலில் புகை இழுக்கிற சாமான் ஒன்று செய்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாக வேலை செய்தது. அடுப்படி கண் எரியாத இடமாயிற்று.

ஒரு நாள் தையல்காரி ஈரக் கையோடு அதன் பெட்டியைத் தொட்டாள். சுருக்கென்றது.

"அண்ணி, இந்தப் பெட்டி கடிக்குது."

"எறும்பு மாதிரியா, தேள் மாதிரியா?"

"எறும்பு மாதிரிதான்."

"அப்போ செல்லக்கடி. விடு. ஆபீஸ்ல எல்லாப் பெட்டியும் அப்படித்தான் கடிக்கும். செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடு."

அது ஏன் கடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பெட்டிகளின் பிளக்குக்கு மூன்று கால். அந்த வீட்டுச் சுவரிலோ இரண்டே ஓட்டை. தெருவில் எல்லா வீட்டுச் சுவரும் அப்படித்தான். கழட்டி மூன்றாவது காலை ரம்பத்தால் அறுத்துவிடுவாள். பெரியவர் ஒரு தடவை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வாயைத் திறந்தார்.

"மூணு கால் வெச்சவன் முட்டாளா?"

"மனுஷனே ரெண்டு கால்ல நிக்கிறான். பிளக்குக்கு எதுக்குப்பா மூணு? அது அலங்காரத்துக்கு."

"அலங்காரத்துக்கு இரும்பை எவன் வீணாக்குவான்?"

"உங்களுக்கு சுவிட்சைக் கண்டாலே சுருக்குதான். போய் உங்க மரத்துண்டைத் தேடுங்க, போங்க."

அவர் போய்விட்டார். 

கழட்டியின் சாமான்கள் தெருவில் பரவின. ஒரு வீட்டில் புகை இழுக்கிற பெட்டி, இன்னொரு வீட்டில் மேசை விளக்கு, எதிரே மளிகைக் கடையில் அலமாரிக்கு மேலே நீல விளக்கு, எல்லாம் அதே பவர் பெட்டியில் ஓடுகிறவை. அந்தக் கடைக்காரர் வாய் சும்மா இருக்காத மனுஷர்.

"ஏம்மா கழட்டி, உன் சாமான் எல்லாம் உன்னை மாதிரியே இருக்கே. கிட்ட போனா கடிக்குது."

"நீங்க பேசுற கடி ஜோக்குக்கு அது பரவாயில்ல, அண்ணே."

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்படியே கடி என்பது அந்தத் தெருவில் ஒரு சிரிப்பாகப் போயிற்று. யாருக்காவது சுருக்கென்றால் "ஐயோ" என்பதற்குப் பதிலாக, "கழட்டி முத்தம் கொடுத்துட்டா" என்றார்கள். தையல்காரி மட்டும் சிரிக்கிற இடத்தில் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு காலையில் பெரியவர் முகம் கழுவப் போனவர் அங்கேயே சரிந்தார். பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது வாயில் மூன்றே வார்த்தைகள் மிச்சமிருந்தன. தண்ணி. போதும். கடி. இதில் கடி என்பது எப்படித் தங்கியது என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த வீடல்லவா, ஒட்டிக்கொண்டிருக்கும். அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: "முதுகு புழுங்கக் கூடாது. புண் வந்துடுச்சுன்னா இந்த வயசுல தாங்க மாட்டார்."

கழட்டி அதைக் கேட்டுக்கொண்டு நேரே மாடிக்கு ஏறினாள்.

அவள் செய்த கட்டிலைப் பார்க்கத் தெருவே வந்தது. வீட்டில் இருந்த பழைய இரும்புக் கட்டில்தான். தலைமாட்டுக் கம்பியில் பவர் பெட்டி ஒன்றைத் திருகி இறுக்கினாள். படுக்கைக்கு அடியில் வரிசையாகக் காற்றாடிகள், முதுகுக்கு நேராக. மெத்தையில் காற்று ஏற ஓட்டைகள் போட்டுத் தைத்துக் கொடுத்தது தையல்காரி. பெரியவரின் வலது கைக்குப் பக்கத்தில் ஒரு மௌஸைத் தலையணையோடு கட்டிவைத்தாள். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் அடுப்படியில் பஸர் அடிக்கும். பெட்டியின் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு, அணையாது. கட்டில் எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும், தூக்கத்தில் இருக்கிற நாயைப் போல.

"பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெறணும்" என்றார் கடைக்காரர், இந்தத் தடவை கிண்டல் இல்லாமல்.

பெரியவர் தலைமாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து இறங்கித் தரையோடு ஊர்ந்து சுவருக்குப் போகிற ஒயரைப் பார்த்தார். "போதும்" என்றார்.

"பாத்தீங்களா? அவ்வளவு சுகமாம். போதும் போதும்ங்கறார்" என்று கழட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தையல்காரி அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகப்பட்ட முகமாக அது இல்லை. ஆனால் அந்தச் சமயத்தில் யாரிடம் போய் அதைச் சொல்வது?

சில நாள் கழித்து, தரை துடைத்த ஈரம் காயுமுன் அவள் கட்டிலருகே உட்கார்ந்து தலையணை உறையில் பிரிந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஊசி நழுவிக் கட்டில் கம்பியில் பட்டது. ஊசி வழியாக விரல் நுனிக்குள் ஏதோ நெளிந்து ஏறின மாதிரி இருந்தது. விரலைப் பார்த்தாள், ஊசி குத்தவில்லை, ரத்தமும் இல்லை. குத்தியிருக்கும் என்று நினைத்து விரலை வாயில் வைத்துக்கொண்டு தைத்து முடித்தாள்.

காலையில் பெரியவரை உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட்டுக் கழுவிவிடுவது அவள் வேலை. கழட்டி அதற்குள் வேலைக்குப் போயிருப்பாள். தம்பி தூக்கி உட்காரவைத்துவிட்டு வண்டியெடுக்கக் கிளம்புவான். பெரியவர் சாய்ந்துவிடாமல் வலது கையால் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். பாதம் ஈரத் தரையில் படும். அப்போதுதான் அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"கடி."

"என்ன மாமா?"

"கடி. கடி." கம்பியிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்தார். கிளம்ப இருந்த தம்பி, சரியப் போனவரைப் பிடித்தான்.

"மூட்டைப்பூச்சி" என்றான் தம்பி. "பழைய கட்டில், மூட்டு மூட்டா ஓட்டை. இருக்காதா பின்னே?"

அவனைக் குறை சொல்வதற்கில்லை. படுக்கையில் கிடக்கிறவர் கடி என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? பூச்சியைத் தேடினார்கள். கொதிக்கிற தண்ணீரை மூட்டுகளில் ஊற்றினார்கள், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தார்கள். ஒரு பூச்சிகூட வரவில்லை. மறுநாள் காலை தரை இன்னும் ஈரமாக இருந்தது. பெரியவர் கம்பியைத் தொட்டார், "கடி" என்றார், அழுதார். பாறை மாதிரி இருந்த மனுஷர் குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கி அழுதார். பிறகு உட்காரவே மாட்டேன் என்றார். உட்காரவைத்தால் நல்ல கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொள்வார். பிடிக்க ஒன்றும் இல்லாமல் சாய்வார்.

"தடுப்பே இல்லாம விழுந்து தலையில அடிபட்டா அவ்வளவுதான்" என்று தம்பி பயந்தான். தையல்காரிக்கும் அதே பயம். ஆனால் அவளுடைய பயம் அதோடு நிற்கவில்லை. பூச்சி கடித்தால் உடம்பில் தடிப்பு இருக்க வேண்டுமே? தேடிப் பார்த்தாள். பெரியவர் உடம்பில் ஒரு சிவப்புகூட இல்லை.

சாயங்காலம் கழட்டியிடம் சொன்னபோது அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நான் செஞ்ச கட்டில்ல மூட்டைப்பூச்சியா? யார் சொன்னது?"

"மாமாதான் சொல்றார், அண்ணி. தெனம் காலையில கடிக்குதுங்கறார். உடம்புலயும் ஒண்ணும் காணோம்."

"சரி. லீவு அன்னிக்குப் பாத்துக்கறேன். ஒரு மூட்டு விடாம கழட்டிடறேன்."

சொன்னபடியே செய்தாள். விடுமுறை நாளில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அப்பாவைத் தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்து, கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றினாள். கால்களின் அடியில் இருந்த ரப்பர் மூடிகளையும் உருவினாள். "பூச்சி இதுக்குள்ளதான் குடியிருக்கும்" என்று தூக்கித் தெருவில் எறிந்தாள். ஒவ்வொரு துண்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். அறை முழுக்கத் தண்ணீர். பெரியவர் பாயில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் கடி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தரையில் படுத்தவர் நன்றாகத் தூங்கினார்கூட. முகம் பழையபடி இருந்தது.

தையல்காரி அதைக் கவனித்தாள். "அண்ணி, மாமாவை இப்படியே தரையிலயே விட்டுடலாமா? நிம்மதியா தூங்கறார்" என்றாள்.

"தரையில முதுகு புண்ணாச்சுன்னா நீ வந்து பாப்பியா? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்று கழட்டி சீறினாள். உடனே குரலைத் தணித்துக்கொண்டாள். "எனக்கு அம்மா இல்ல. இவர் ஒருத்தர்தான். எல்லாம் இவருக்காகத்தானே பண்றேன்?"

தையல்காரி தரையில் தேங்கின தண்ணீரை வாளியில் வழிக்கப் போனாள்.

கட்டிலை மறுபடி மாட்டினார்கள். தம்பியும் கழட்டியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சுவரோரம் நகர்த்தி இறக்கினார்கள். ரப்பர் இல்லாத வெறும் இரும்புக் கால், விளிம்பு கத்தி மாதிரி. அது இறங்கின இடத்தில் ஒயர் கிடந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. தம்பி அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டுத் துணி மாற்ற வெளியே போனான். அப்பாவின் கனம் முழுக்க அந்த விளிம்பில் இறங்கியது.

கழட்டி பிளக்கைச் செருகினாள். கட்டில் உறும ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"வாங்கப்பா, உக்காருங்க. இன்னிக்கு நானே கால் கழுவி விடறேன். பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பெரியவர் நல்ல கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார். காலை மெத்தையைவிட்டு இறக்கவில்லை. "கடி" என்றார்.

தையல்காரி அப்போது அடுப்படியில் அழுக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். வெறுங்கால். திரும்பும்போது அவள் ஈர முழங்கை ஜன்னல் பெட்டியில் உரசியது. "ச்சே, கடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி நின்றாள். கடிக்குது. இதுவும் கடிதான். மாமா சொன்னதும் கடிதான். ஜன்னலில் இருப்பதும் தலைமாட்டில் இருப்பதும் ஒரே பெட்டி.

கட்டில் இருந்த அறையில் கழட்டி சிரித்துக்கொண்டு சொல்வது கேட்டது: "எங்க கடிக்குது? இதோ பாருங்க, நான் பிடிக்கறேன், பாருங்க."

அதற்கடுத்து அவள் குரல் இல்லை. பஸர் அடிக்க ஆரம்பித்தது. அழுத்திவிட்டு எடுக்கிற அடி இல்லை. விடாமல், மூச்சு விடாமல் அடித்தது.

தையல்காரி ஓடினாள். கழட்டி ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். வலது கை கட்டில் கம்பியைச் சுற்றி மூடியிருந்தது. உடம்பு விறைத்து ஆடியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மெத்தைமேல் பெரியவர் கண்ணை மூடாமல் மகளைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலால் மௌஸை அழுத்திப் பிடித்திருந்தார். அன்றைக்குத் தன் தம்பிக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அல்லவா. அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிடித்துக்கொண்ட ஆளைத் தொடக் கூடாது என்பது தையல்காரிக்குத் தெரியும். அது மட்டும்தான் அந்த நேரத்தில் தெரிந்தது. தைப்பதற்காக மூலையில் வைத்திருந்த துணி மூட்டைமேல் ஏறி நின்றாள். ஒரு காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். உறுமல் நின்றது. பஸரும் நின்றது. கழட்டி ஒரு சாக்கு மாதிரி சரிந்து விழுந்தாள்.

உயிர் இருந்தது. உள்ளங்கை வெந்திருந்தது, கம்பி அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. மருத்துவமனையில் நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கவென்று அவளைப் பல நாள் வைத்திருந்தார்கள். நடு மூன்று விரல்களும் மடங்கினது மடங்கினதுதான், நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்த வயரிங் ஆள் கட்டில் காலின் கீழ் அறுபட்டுக் கிடந்த ஒயரைக் காட்டினார். "கட்டில் முழுக்க உசுரு ஓடியிருக்கு" என்றார். பிறகு பிளக்கை எடுத்துப் பார்த்தார். "மூணாவது கால் எங்க?"

"அறுத்தாச்சு" என்றான் தம்பி.

"அது கரண்ட் மண்ணுக்குள்ள எறங்கிப் போற வழி. அந்த வழியை அறுத்துட்டா அது எப்படிப் போகும்? ஆள் மேல ஏறிப் போகும். முன்னாடியே சுருக்கு சுருக்குன்னு சொல்லியிருக்குமே? யாருக்கும் கடிக்கலையா?"

"கடிச்சுது" என்றாள் தையல்காரி. "நாங்க பூச்சின்னு நெனச்சோம்."

பெரியவருக்கு ஒரு மரக்கட்டில் வாங்கிப் போட்டார்கள். மணிக்கு ஒரு தடவை தையல்காரி புரட்டிப் படுக்கவைத்தாள். முதுகு புண்ணாகாமல், அதற்கப்புறம் நெடுநாள் இருந்துவிட்டுத்தான், தூக்கத்தில் போனார். கடி என்று அவர் பிறகு சொன்னதே இல்லை.

கை ஆறி எழுந்ததும் கழட்டி செய்த முதல் வேலை, தான் கொடுத்த சாமான்களைத் திரும்பக் கேட்டு வீடு வீடாகப் போனது. தையல்காரியும் கூடப் போனாள். சில பேர் மடங்கின விரல்களைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள். சில பேர், "எங்க வீட்டுல நல்லாத்தான் ஓடுது" என்று கதவைச் சாத்தினார்கள். சில வீடுகளில் ஆளே மாறியிருந்தார்கள், விளக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள்.

கடைக்காரர் அலமாரியைக் காட்டினார். நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "எனக்குப் பெரிசா ஒண்ணும் பண்ணலையேம்மா. செல்லக்கடிதானே? நீதானே சொன்னே?"

"சொன்னேன், அண்ணே. இப்போ கழட்டிக் கொடுங்கன்னு கேக்கறதும் நான்தான்."

அவர் அவள் கையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. ஆனாலும் கடையில் ஆள் நின்றது. "வியாபார நேரம்மா. அப்புறமா பாப்போம்" என்றார். அதன்பின் பல தடவை கேட்டும் அந்த அப்புறம் வரவில்லை. அந்தத் தெருவைவிட்டு இவர்கள் கிளம்பினபோதும் அந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"எதையெல்லாம் செஞ்சேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று வழியில் அவள் தையல்காரியிடம் சொன்னாள். "எது எங்க இருக்குன்னுதான் தெரியல."

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாள். தம்பி வேறு வீடு பார்த்துக்கொண்டு போனபோது அவளும் கூடப் போனாள். இப்போது கழட்டி அந்த வீட்டின் பின்னறையில் இருக்கிறாள், தையல் மிஷின் இருக்கிற அறைக்கு அடுத்த அறையில். அங்கிருந்து அந்தத் திருகுகிற சத்தம் மட்டும் வருவதில்லை.